முதலில் யாரிடம் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர் மூன்று மாதமாக என் பெயரைப் பட்டியலில் போடுவதில்லை. காரணமும் சொல்லவில்லை. மனம் தாங்காமல் செல் குழு (சபையின் சிறு ஜெபக் குழு) வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். இப்போது பாதிப் பேர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உண்மையைத்தானே சொன்னேன்?
– ஒரு சகோதரி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: உண்மையைத்தான் சொன்னீர்கள், சகோதரி. ஆனால் கேட்க வேண்டியவர் காதில் விழுவதற்கு முன் குழுவில் எல்லாருடைய காதிலும் விழுந்துவிட்டது. “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்று மத்தேயு 18:15 சொல்வது வெறும் நாகரிகத்துக்காக அல்ல. ஊரே பார்க்கும்போது எந்த மனிதரும் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், நீங்கள் சொன்னது சரியா என்று யோசிக்க மாட்டார்.

அதே குழுவில் முதலில் இப்படி எழுதுங்கள்: “இதை நான் முதலில் அவரிடம் பேசியிருக்க வேண்டும். அதற்காக வருந்துகிறேன். அவரை நேரில் சந்திக்கப்போகிறேன். இங்கே இதைத் தொடர வேண்டாம்.” அவ்வளவு போதும். “ஆனாலும்” என்று ஐந்தாவது வாக்கியம் ஒன்றைச் சேர்த்தால் முதல் நான்கும் வீண்.

பிறகு அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். “உங்களிடம் ஒன்று பேசணும்” என்று மட்டும் எழுதினால் அவர் இரண்டு நாள் தூங்க மாட்டார், வரும்போதே கவசம் போட்டுக்கொண்டு வருவார். “அங்கிள், பாடகர் குழுப் பட்டியல் பற்றி அரை மணி நேரம் பேச முடியுமா?” என்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஆராதனை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் நேரம் வேண்டாம். கோப்பிக்கடையின் ஓரத்து மேசை, இல்லையென்றால் கண்ணாடிக் கதவுள்ள சபை அறை நல்லது.

நடந்ததை முதலில் சொல்லுங்கள், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை அடுத்து, கேள்வியைக் கடைசியில். “மூன்று மாதமாக என் பெயர் இல்லை. காரணம் தெரியாததால் சபைக்கு வரவே கூச்சமாக இருக்கிறது. என்ன காரணம், அங்கிள்?” கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள், கடினமான பகுதி அதுதான். “வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டீர்கள்” என்பது அவர் மனதுக்குள் இருப்பதைப் பற்றிய உங்கள் ஊகம். “எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்” என்றால் யார் யார் என்ற விசாரணையிலேயே அரை மணி நேரம் போய்விடும். வயதில் மூத்தவரைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனிடம் போலப் பேசச் சொல்கிறது 1 தீமோத்தேயு 5:1. மௌனமாக இருக்கச் சொல்லவில்லை.

சுருதி சேரவில்லை, ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறீர்கள் என்று அவர் சொல்லவும் கூடும். அதைக் கேட்கத் தயாராக இல்லையென்றால் சந்திப்பை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

பேசியும் பலனில்லையென்றால் ஓரிருவரை அழைத்துப் போகலாம். அவர்கள் உங்கள் கட்சிக்காரர்களாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற உபாகமம் 19:15-இன் முறைதான் இதற்கு அடிப்படை: இரு பக்கத்தையும் கேட்டு, உங்கள் மேல் தவறு இருந்தால் உங்களிடமும் சொல்லக்கூடியவர்கள் வேண்டும்.

கேள்வி: பெயர் போடாமல் போதகருக்குக் கடிதம் எழுதலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: மொட்டைக் கடிதம் வேண்டாம். திருப்பிக் கேள்வி கேட்க முடியாத கடிதத்தை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. மூப்பர்மேல் (சபையின் மூத்த தலைவர்மேல்) வரும் புகாரை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்க வேண்டாம் என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. ஆனால் ஒரு சபைக்கு மொட்டைக் கடிதங்கள் வரிசையாக வந்தால், பெயரோடு பேசியவர்களுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்று தலைவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைவர்களே, புகார் பெற இரண்டு பேரைப் பெயர் சொல்லி அறிவியுங்கள். அதில் ஒருவராவது செயற்குழுவுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். தேதி, ரசீது எண் என்று சரிபார்க்கக்கூடிய தகவல் கடிதத்தில் இருந்தால், எழுதியவர் யாரென்று தேடாமல் தகவலைச் சரிபாருங்கள்.

கேள்வி: காணிக்கைக் கணக்கு கேட்டேன். “கர்த்தருக்குக் கொடுத்ததை ஏன் கேட்கிறீர்கள், விசுவாசம் இல்லையா?” என்கிறார்கள்.
– ஒரு சகோதரர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: எருசலேம் சபைக்குப் பணம் சேர்த்தபோது பவுல் அதைத் தனியாகக் கையாளவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரையும் அனுப்பினார். காரணத்தையும் 2 கொரிந்தியர் 8:20, 21-இல் எழுதிவைத்தார்: ஒருவரும் குற்றப்படுத்தக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும். அப்போஸ்தலனே “என்னை நம்பு, போதும்” என்று சொல்லவில்லை.

காணிக்கைப் பை திறந்தது முதல் முத்திரையிடுவது வரை உறவில்லாத இருவர் கூடவே இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் எண்ணினால் அது ஒருவர் எண்ணியது போலத்தான். 2, 5, 10, 50, 100 வெள்ளி நோட்டுகளைத் தனித்தனியாக எண்ணி, படிவத்தில் பேனாவால் எழுதி, இருவரும் கையெழுத்திடட்டும். எண்ணியவரே வங்கியில் போட்டு, அவரே பிறகு வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டும் பார்த்தால் தவறு வெளியே வர வழியே இல்லை. தவறு நடக்கும் பல இடங்களில் திருட்டு கிடையாது. அவசரமும் “நம்ம அண்ணன்தானே” என்ற நம்பிக்கையும்தான். பேநவ் (கைபேசி வழிப் பணம் அனுப்பும் முறை) காணிக்கை சபையின் பதிவு எண்ணுக்குப் போக வேண்டும். ஒருவருடைய கைபேசி எண் திரையில் வந்தால் அங்கேயே கேளுங்கள்.

உங்கள் சபை பதிவுபெற்ற அறநிறுவனமா என்று அரசின் சேரிட்டி போர்ட்டல் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். அத்தகைய சபை, நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள் ஆண்டறிக்கை தர வேண்டும். ஆண்டு வரவோ செலவோ 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் உரிமம் பெற்ற கணக்காய்வாளர் தணிக்கை செய்ய வேண்டும். ஆனால் தணிக்கை இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2015-இல் இங்கே ஒரு பெரிய சபையின் ஆறு பேர், சுமார் 5 கோடி வெள்ளி சம்பந்தப்பட்ட வழக்கில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அங்கும் தணிக்கை இருந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திடீரென்று எழுந்து “பணம் எங்கே போகுது?” என்று கேட்டால் பொருளாளர் மிரண்டுபோவார், பதிலும் வராது. இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள்: “4-ஆம் பக்கத்தில் ‘அருட்பணிச் செலவு’ என்று ஒரே வரி இருக்கிறது. எந்தெந்த ஊழியங்களுக்கு எவ்வளவு?” தொகைகளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார், எந்தக் குடும்பம் உதவி பெற்றது என்பதைக் கேட்காதீர்கள்; சொன்னால்தான் சபை தவறு செய்கிறது.

கேள்வி: மனைவியின் கருச்சிதைவைப் பற்றி ஒரு மூப்பரிடம் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். மறுநாள் அது ஜெபக் குழு வாட்ஸ்அப்பில். அன்பால்தான் செய்தேன் என்கிறார்.
– பொங்கோல் வாசகர்

பதில்: அன்பால் செய்திருக்கலாம், ஆனால் அந்தச் செய்தி அவருடையது அல்ல. யாக்கோபு 5:16 அறிக்கையிடச் சொல்வது அவரவர் குற்றங்களை, அடுத்தவர் வீட்டுத் துயரத்தை அல்ல. குழு நிர்வாகியால் மற்றவர் பதிவையும் எல்லாருக்கும் நீக்க முடியும், இன்றே கேளுங்கள். இனிமேல் பதிவிடும் முன் உரியவரிடம் பெயர் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம், எந்தக் குழுவில் என்று கேட்பதைச் சபை வழக்கமாக்கிக்கொள்ளட்டும். பதில் வரும்வரை “ஒரு குடும்பத்தின் உடல்நலத்துக்காக” என்பது போதும். கர்த்தருக்குப் பெயர் தெரியும். 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமைப்பு என்ற முறையில் சபைக்கும் பொருந்தும்.

கேள்வி: ஞாயிறு பள்ளி ஆசிரியர் தகாத முறையில் தொட்டதாக ஒரு சிறுமி தாயிடம் சொல்லியிருக்கிறாள். “முதலில் மத்தேயு 18-இன்படி அவரிடம் தனியாகப் பேசுங்கள். காவல்துறைக்குப் போனால் சபையின் சாட்சி (நற்பெயர்) கெடும்” என்கிறார் ஒரு மூப்பர்.
– பெயர் வேண்டாம்

பதில்: தனியாகப் பேச வேண்டாம். மேலே அந்த வசனத்தை வலியுறுத்திய நாங்களே சொல்கிறோம்: அது இங்கே பொருந்தாது. தனியாக எச்சரித்தால் தடயத்தை அழிக்கவும் பிள்ளையை மிரட்டவும் அவருக்கு நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள் என்று 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுவார்கள். அந்த அதிகாரம் பேசுவது “அற்ப வழக்குகளை”ப் பற்றி. குற்றம் செய்பவனுக்கு எதிராக அதிகாரிகள் இருப்பதை ரோமர் 13:4 சொல்கிறது.

இன்றே காவல்துறைக்குப் புகார் கொடுங்கள். ஆபத்து உடனடியானதென்றால் 999. ஆலோசனைக்கு 24 மணி நேர வன்முறைத் தடுப்பு உதவித் தொலைபேசி 1800-777-0000 உண்டு. பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், “அவர் இப்படிச் செய்தாரா?” என்று வார்த்தையை வாயில் வைக்காதீர்கள். அவள் சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே, தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். “நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை” என்று சொல்லுங்கள். விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் எந்தப் பிள்ளையோடும் ஊழியம் செய்யக் கூடாது. அவர் பெயரை வாட்ஸ்அப்பில் போடுவதும் கூடாது. சபையாரிடம் எப்போது, எவ்வளவு சொல்லலாம் என்பதை விசாரணை அதிகாரியிடம் கேட்டபின் தலைவர்கள் முடிவு செய்யட்டும். அந்தத் தாயோடு காவல் நிலையத்துக்கு யாராவது ஒருவர் துணைக்குப் போங்கள்.