கழுத்தைச் சுற்றி வளரும் கொழுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் கணவருக்கு வயது 48. நாலைந்து வருடமாகக் கழுத்தைச் சுற்றியும் இரண்டு தோள்களிலும் ஒரே மாதிரி சதை போட்டுக்கொண்டே வருகிறது. கை கால் மெலிந்துதான் இருக்கிறது. சோற்றைக் குறைத்தும் பயனில்லை. ஏன்?

சாப்பாட்டால் வந்த சதையாக எனக்குத் தோன்றவில்லை. தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மாடலங் நோய்க்குப் பொருந்துகின்றன. கழுத்து, தோள்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொழுப்பு சேரும் நோய் இது. 1846-லேயே இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பெஞ்சமின் பிரோடி இதைப் பற்றி எழுதினார். 1888-ல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஓட்டோ மாடலங் 33 பேரின் விவரங்களை வெளியிட்ட பிறகு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளில், 30 முதல் 60 வயதுக்குள் இருக்கும் ஆண்களிடம்தான் அதிகம் பார்க்கிறார்கள். சட்டையின் மேல் பட்டன் எட்டாமல் போவதுதான் பலருக்கு முதல் அறிகுறி.

ஆனால் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. தைராய்டு வீக்கம், ஸ்டீராய்டு மாத்திரையால் வரும் பிடரிக் கொழுப்பு இரண்டும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தால் கொழுப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும்.

இந்த நோய் குடிப்பவர்களுக்கு மட்டும்தான் வருமா? குடியை விட்டால் கொழுப்பு கரையுமா?

பெரும்பாலானோர் பல வருடம் அதிகமாகக் குடித்தவர்கள். ஆனால் குடியைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. சிலருக்கு, செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக் கோளாறு காரணம். அதனால் பார்த்தவுடன் ‘குடிகாரர்’ என்று முத்திரை குத்துவது அநியாயம். குடியை விட்டால் சேர்ந்த கொழுப்பு பொதுவாகக் கரையாது, ஆனால் மேலும் வளர்வது மட்டுப்படலாம். கல்லீரலுக்காகவும் நரம்புகளுக்காகவும் விட்டே ஆக வேண்டும். பாதம் மரத்துப்போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் நரம்புகளும் பாதிக்கப்படும்.

ஒரே ஆபரேஷனில் எடுத்துவிடலாமா?

சாதாரணக் கொழுப்புக்கட்டிக்கு உறை உண்டு. தோலைக் கீறினால் பலாக்கொட்டை போல வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இதற்கு உறை கிடையாது. கொழுப்பு தசைக்குள்ளும் ரத்தக்குழாய்களைச் சுற்றியும் வேர் விட்டதுபோல் ஓடியிருக்கும். பொறுமையாகப் பிரிக்க வேண்டும், முழுசாக எடுக்கவும் முடியாது. அதனால் திரும்ப வளர்வது சகஜம். சிலருக்குக் குழாய் வழியே கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் செய்கிறோம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பல்லோ குடலிறக்கமோ, எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கழுத்தைக் காட்டுங்கள். தலையைப் பின்னால் சாய்க்க முடியாதவருக்கு மயக்கத்தின்போது மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது கடினம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, தூக்கத்தில் திணறுகிறது என்றால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடவே கூடாது.

புற்றுநோயாக மாறுமா?

மிக மிக அரிது. ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பெருத்தாலோ கல்லாகக் கெட்டிப்பட்டாலோ உடனே காட்டுங்கள்.

எனக்கு இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் பருத்திருக்கின்றன. அழுத்தினால் வலி. பாதம் மட்டும் ஒல்லி. இதுவும் அதுதானா?

இல்லை. இது லிப்பிடீமாவாக, அதாவது இடுப்புக்குக் கீழே கால்களில் கொழுப்பு சேரும் வேறு நோயாக இருக்கலாம். கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருவது, பூப்பெய்தும்போதோ கர்ப்பகாலத்திலோ தொடங்கும். லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா என்று கவனித்து, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.