அம்மாவின் சம்பளச் சீட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: எனக்கு வயது 20. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். வேலூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா லுங்கி நெய்கிறார். அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிறார், சம்பளம் 12,000 ரூபாய். அண்ணனுக்கு 22 வயது, எம்.எஸ்சி. படிக்கிறான். போன மழைக்காலத்தில் என் தோழிக்கு டெங்கு வந்து நான்கு நாள் தனியார் மருத்துவமனையில் இருந்தாள். பில் கட்ட அவள் அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. அதிலிருந்து எனக்குப் பயம். அப்பாவின் நண்பர் ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வருடம் 9,400 ரூபாயில் எனக்கு ஒரு பாலிசி போடச் சொல்கிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, "அதையெல்லாம் ஃபார்மில் எழுத வேண்டாம்" என்கிறார். போனில் "மாதம் 300 ரூபாய்க்கு ஒரு கோடி" என்றும் விளம்பரம் வருகிறது. டியூஷன் எடுத்து மாதம் 1,500 ரூபாய் சம்பாதிக்கிறேன். எதை வாங்கலாம்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். இன்று இரவு அம்மா வேலை முடிந்து வந்ததும் அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பி.எஃப். பிடித்தத்துக்குப் பக்கத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு வரி இருக்கும். 12,000 சம்பளத்துக்கு 90 ரூபாய், அதாவது 0.75 சதவீதம். இது போக, முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், 390 ரூபாய் கட்டுகிறார். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இது சட்டப்படி கிடைக்க வேண்டியது. நீங்கள் தேடி அலைகிற மருத்துவக் காப்பீட்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற எத்தனையோ அம்மாக்கள் அந்த 90 ரூபாயை ஏதோ வெட்டிப் பிடித்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே ஆதங்கம்.

இ.எஸ்.ஐ. அம்மாவுக்கு மட்டுமல்ல. அவருடைய கணவர் என்ற முறையில் உங்கள் அப்பாவுக்கும் உண்டு. மணமாகாத மகளுக்கு வயது வரம்பே இல்லை, ஆகவே உங்களுக்கும் உண்டு. படிக்கிற மகனுக்கு மட்டும் 21 வயதோடு முடிந்துவிடும், அண்ணன் அதைத் தாண்டிவிட்டார். முக்கியமான விஷயம், உங்கள் வீசிங்கைப் பற்றி அங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், காத்திருப்புக் காலம் என்று எதுவும் சொல்ல மாட்டார்கள். இன்ஹேலருக்குக்கூட இ.எஸ்.ஐ. அட்டையைக் காட்டி இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம். வெளியில் வாங்கும் பாலிசிகள் பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் பணம் தரும், மாதாந்திர மருந்துக்குத் தராது.

ஒரு வேலை பாக்கி இருக்கும். உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும் அம்மாவின் இ.எஸ்.ஐ. கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று அவசரத்தில் அம்மா பெயரை மட்டும் பதிந்து விட்டிருப்பார்கள். கம்பெனி டைம் ஆபீஸில் ஆதார் நகல்களைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள், அப்புறம் குடும்பத்தார் பெயருள்ள அட்டையைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வைத்தியத்துக்கு வேலூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

இதில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். மருந்தகத்தில் வரிசை, மேல் சிகிச்சைக்குக் கடிதம், அவசரத்துக்குத் தனியாரிடம் போனால் முழுப் பணமும் திரும்பி வராமல் போகலாம். ஆர்டர் குறைந்தால் ஷூ கம்பெனியில் ஆள் குறைப்பார்கள். வேலை போன சில மாதங்களில் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். உங்களுக்குக் கல்யாணம் ஆனாலும் போய்விடும். அதனால் உங்கள் பெயரில் சின்னதாக ஒரு பாலிசி இருப்பது நல்லதுதான். ஆனால் அது 9,400 ரூபாய் பாலிசியாக இருக்க வேண்டியதில்லை.

'ஆரோக்கிய சஞ்சீவனி' என்று கேளுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விதிகளோடு விற்க வேண்டிய பாலிசி இது. விதி ஒன்றாக இருப்பதால் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். அரசு நிறுவனங்களான யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகியவற்றிலும் விலை கேளுங்கள். இருபது வயதுக்கு 5 லட்சத்துக்கே, ஏஜென்ட் சொன்ன தொகையில் பாதிக்கும் கீழே கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு. மாதத் தவணையும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. யாராவது 18 சதவீதம் சேர்த்துச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

விலை குறைகிறதே என்று 1 லட்சத்துக்குப் போட்டுவிடாதீர்கள். இந்தப் பாலிசியில் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம்தான். அதுவும் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. 1 லட்சம் என்றால் நாளுக்கு 2,000. உங்கள் தோழி மாதிரி நான்கு நாள், 4,000 ரூபாய் அறையில் படுத்தால் என்ன ஆகும்? பில் 60,000 என்று வையுங்கள்: அறை 16,000, டாக்டர் கட்டணம் 30,000, மருந்து 14,000. அறை வாடகை வரம்பைப் போல இரண்டு மடங்கு என்பதால் அறைக்குப் பாதி, டாக்டர் கட்டணத்துக்கும் பாதிதான் தருவார்கள். மருந்தில் மட்டும் அந்த வெட்டு இல்லை. ஆக 37,000. அதிலும் 5 சதவீதம் உங்கள் பங்கு, கையில் வருவது 35,150. இதே பில்லுக்கு 5 லட்சம் பாலிசியில் 57,000 வரும். பிரீமிய வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும். மருத்துவமனையில் அறை எடுக்கும்போதே "என் பாலிசியில் வாடகை வரம்பு இவ்வளவு" என்று சொல்லுங்கள். வேலூருக்கு இந்தியா முழுவதிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறார்கள், இங்கே நடக்கிற அறைக் கணக்குகள் விதவிதம்.

இன்னொன்று, எடுத்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் கிடைக்காது. ஐப்பசியில் கொசு கடித்த பிறகு ஓடிப் போய்ப் பாலிசி எடுத்துப் பயனில்லை.

"மாதம் 300க்கு ஒரு கோடி" பெரும்பாலும் டாப்-அப் வகை. முதல் 5 லட்சத்தையோ 10 லட்சத்தையோ நீங்கள் கட்டிய பிறகுதான் அது வாயைத் திறக்கும். டெங்குவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

வீசிங் விஷயத்தில் அந்த நண்பர் சொன்னதைக் கேட்கவே கேட்காதீர்கள். எழுதினால் என்ன நஷ்டம்? அந்த நோய்க்கு மட்டும் அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். எழுதாமல் விட்டால், மூச்சிழுப்போடு அட்மிட் ஆகிற அன்று டாக்டர் கேஸ் ஷீட்டில் "சிறு வயதிலிருந்து" என்று ஒரு வார்த்தை எழுதுவார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக் கிளெய்மைத் தள்ளிவிட்டு பாலிசியையும் ரத்து செய்ய முடியும். அன்றைக்கு ஏஜென்ட் போன் எடுப்பாரா என்பது அவருடைய குணத்தைப் பொறுத்தது. பாலிசி கைக்கு வந்ததும் ஃபார்ம் நகலைப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கல்லூரிக் கட்டண ரசீதில் 'இன்சூரன்ஸ்' என்று ஏதாவது இருந்தால் அதை நம்பி இருக்க வேண்டாம், பல இடங்களில் அது விபத்துக்கு மட்டும். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடும் மரணம், ஊனத்துக்குத்தான். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அதற்குக் குடும்ப வருமானம் வருடம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், அம்மா சம்பளமே 1,44,000 ஆகிறது. வரம்புக்குள் வருகிற தோழிகள் இருந்தால் சொல்லுங்கள்: பிரீமியமே இல்லாமல் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்குப் போகட்டும், கட்டணமில்லா எண் 1800 425 3993. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் அந்த அட்டை செல்லும்.

அண்ணனுக்குத்தான் இப்போது எதுவுமே இல்லை. உங்கள் வீட்டில் ஆரோக்கிய சஞ்சீவனி முதலில் எடுக்க வேண்டியது அவருக்கு. உங்கள் பாலிசி நான்கைந்து மாதம் தள்ளிப் போனாலும் பாதகமில்லை, டியூஷன் பணத்தில் சேர்த்து வையுங்கள்.

அப்பாவின் நண்பரிடம் எப்படி மறுப்பது என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மறுக்க வேண்டாம். அவருடைய நிறுவனமும் ஆரோக்கிய சஞ்சீவனி விற்றுத்தான் ஆக வேண்டும். "மாமா, இதையே போட்டுக் கொடுங்க, அண்ணனுக்கு இப்போ, எனக்கு அப்புறம். ஃபார்மை நானே நிரப்புறேன்" என்று சொல்லுங்கள்.