பாரம்பரியக் கிராமச் சமூகங்களின் உணவுப் பழக்கத்தை எப்படி அளவிடுகிறார்கள்?

உணவை அளந்து குறித்துவைக்கும் வழக்கமில்லாத கிராமங்களில், மக்கள் உண்ணும் அளவை ஆய்வாளர்கள் எவ்வாறு அறிகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முந்தைய 24 மணி நேரத்தில் உண்டவற்றை நினைவிலிருந்து கூறச் செய்வதே பரவலான முறை. ஆனால் போகிற வழியில் பறித்துத் தின்ற பழங்களை யாரும் உணவாகக் கருதாததால், அவை கணக்கில் விடுபட்டுவிடுகின்றன. சமைக்கும் முன் பொருள்களையும், பின்னர் பரிமாறிய அளவையும் மிச்சத்தையும் தராசில் நிறுப்பது இதைவிட நம்பகமானது. எனினும் பலர் ஒரே பாத்திரத்திலிருந்து உண்ணும் வீட்டில், ஒவ்வொருவரும் எடுத்த கவளங்களை எண்ணி, ஒரு கவளத்தின் சராசரி எடையால் பெருக்க வேண்டியிருக்கும். தராசோடு ஒருவர் அருகில் அமர்ந்திருந்தால் விருந்தாளிக்குச் சமைப்பதுபோலவே சமைப்பார்கள் என்பதால், முதல் நாள் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அறுவடைக்குப் பிந்தைய வாரங்களிலும் அதற்கு முந்தைய பற்றாக்குறை மாதங்களிலும் தனித்தனியே அளவிடாத ஆய்வு, ஆண்டு முழுவதுக்குமான பழக்கத்தைக் காட்டாது.