தையல் போட்ட உடம்புக்கு முட்டை ஆகாதா?

கேள்வி: ஏற்காடு பக்கம் மலைக்கிராமம் எங்களுடையது. மனைவிக்கு சிசேரியன் ஆகி 12 நாள். மாசமாக இருந்தபோதே மெலிவுதான், சரியாகச் சாப்பிடவில்லை. முட்டையும் பருப்பும் கொடுத்தால் தையல் சீழ் வைக்கும் என்று அம்மா மூன்று வேளையும் பூண்டு ரசம் சோறுதான் போடுகிறார். நேற்றிலிருந்து தையலின் ஒரு ஓரத்தில் நீர் கசிகிறது. என்ன செய்வது?

பதில்: சாப்பாடு அப்புறம். கசிவை இன்றைக்கே ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ரத்த அளவும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலும் புண் ஆறாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தையல் பிளந்தாலோ, சீழ் வந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ, உதிரப்போக்கு நாறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தையல்மேல் மஞ்சள் அப்ப வேண்டாம். மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம்.

சீழ் வைப்பது கிருமியால். முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால், அறுத்த இடத்தில் புதுச் சதை கட்டுவதும் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் பெருகுவதும் புரதத்தை வைத்துத்தான். அது குறைந்தால் தையல் போட்ட இடம் வலுவாக ஒட்டாது, கிருமிக்கு அதுவே வாசல். கர்ப்பத்திலேயே மெலிந்தவருக்குக் கையிருப்பும் குறைவு.

பால் கொடுக்கும் பெண்ணுக்கு முதல் 6 மாதம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 63 கிராம் புரதம் வேண்டும். 300 கிராம் அரிசியை வடித்த சோற்றில் கிடைப்பது 22, 24 கிராம்தான். மீதி 40 கிராமுக்கு: முட்டை இரண்டு (12), பருப்போ கொள்ளோ 60 கிராம் (13), பால் இரண்டு டம்ளர் (12), நிலக்கடலை ஒரு கைப்பிடி (7). சோற்றைக் குறைக்காதீர்கள், வயிறு காய்ந்தால் உடம்பு புரதத்தையே எரித்துத் தீர்த்துவிடும். விலை உயர்ந்த புரத மாவு டப்பா எதற்கும் அவசியமில்லை.

கொள்ளு ரசம் வைக்கும் வீடுகளில் நடக்கும் கூத்து ஒன்று உண்டு. வெந்த தண்ணீரை இறுத்துப் பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றிவிட்டு, பயறை மாட்டுத் தொட்டியில் கொட்டுவார்கள். புரதம் பெரும்பாலும் பயறில்தான் இருக்கிறது, மாடுதான் தேறும்! ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவைத்து, மசித்து அதே ரசத்தில் கரைத்துக் கொடுங்கள். வாயு என்று பயந்தால் இரண்டு கரண்டியில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டலாம்.

அம்மாவிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். பால் சுறாவும் நெத்திலிக் கருவாடும் பத்தியத்தில் உள்ளவைதானே? அதில் ஆரம்பிக்கலாம். கருவாட்டை வெந்நீரில் அலசி உப்பைப் போக்கிவிடுங்கள். அங்கன்வாடி சத்துமாவையும் மனைவிக்கே கொடுங்கள், வீடு முழுக்கப் பங்கு போடாதீர்கள்.

தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கமிருந்தால் அதையும் விடுங்கள். மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் அதனால் வரும். இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி கூடாது, உங்கள் மலைக் காபியானாலும் சரி.