ஸ்கார்பரோவில் ஜனவரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் முதுகலை படிக்கிறேன். ஜனவரியில் தேர்வு முடிந்ததும் கிழக்குக் கரையிலுள்ள ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊருக்கு மூன்று நாள் போய்வரலாம் என்று ஓர் எண்ணம். கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். ‘கோடையில் போகவேண்டிய ஊர் அது. இப்போது பாதிக் கடைகள் மூடியிருக்கும், காற்றும் மழையும்தான் மிச்சம்’ என்கிறார்கள். எனக்கு வேண்டியதே அதுதான். கூட்டம் கலைந்து, வேஷம் கலைந்த பிறகு ஓர் ஊர் தன் உண்மையான முகத்தோடு இருக்கும் இல்லையா? அந்த வெறுமையை, கைவிடப்பட்ட தன்மையைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்க ஆசை. மூன்று நாள் அதிகமா? தனியாகப் போகலாமா? இது வெறும் சோக மோகம்தானோ என்றும் சில சமயம் தோன்றுகிறது.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

போங்கள். மூன்று நாள் சரியாக இருக்கும். தனியாகப் போவதில் ஒரு தவறும் இல்லை. கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பது உங்கள் பாடு, என்னைக் கேட்காதீர்கள். சோக மோகம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் வயதில் அது இல்லாவிட்டால்தான் கவலைப்படவேண்டும்.

இவ்வளவுதான் பதில் என்றால் உங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பியிருப்பேன். பொதுவில் எழுதக் காரணம் அந்த ‘உண்மையான முகம்’. சமீபத்தில் நண்பர் ஒருவர் வடகடல் ஓரத்து ஊர்களில் குளிர்காலத்தில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். ஷட்டர் இறக்கிய ஐஸ்கிரீம் கடை, தார்ப்பாய் போர்த்திய ராட்டினம், நனைந்த பெஞ்சு, மறுபடியும் ஷட்டர் இறக்கிய கடை. நல்ல படங்கள்தான். ஆனால் ஒன்றில்கூட மனிதர் இல்லை. பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். ஸ்கார்பரோவில் ஏறத்தாழ 60,000 பேர் வசிக்கிறார்கள். ஜனவரியில் அவர்களெல்லாம் எங்கே போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பள்ளி வாசலில் நிற்கிறார்கள், பல் மருத்துவரிடம் காத்திருக்கிறார்கள், துறைமுகத்தில் நண்டுக் கூடைகளைச் சரிபார்க்கிறார்கள். விருந்தாளிக்கு இலை போடாத நாளில் அந்த வீட்டில் ஆளே இல்லை என்று சொல்வதுபோல இருக்கிறது உங்கள் ‘கைவிடப்பட்ட தன்மை’.

அப்புறம், கூட்டம் வேஷம், காலி நாற்காலிதான் உண்மை என்று யார் தீர்ப்பு சொன்னது? ஆகஸ்டில் கடற்கரைக் கழுதைச் சவாரியில் உட்கார்ந்து அலறும் குழந்தையும் அந்த ஊரின் உண்மைதான். அந்தக் குழந்தையை நம்பித்தான் ஊரில் பாதி கட்டப்பட்டிருக்கிறது. படித்த பிள்ளைகளிடம் இந்த வியாதியை அடிக்கடி பார்க்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து சிரித்தால் அது போலி. ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தால் அது ஆழம்.

கடற்கரைக்குரிய காலம் கோடை, குளிர்காலம் அதன் மிச்சம் என்று உங்கள் நண்பர்களும் நினைக்கிறார்கள், நீங்களும் நினைக்கிறீர்கள். அவர்கள் அதற்காகச் சிரிக்கிறார்கள், நீங்கள் அதற்காக உருகுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கார்பரோவுக்கு வெளியூர் ஆட்கள் முதலில் வந்தது கடலுக்காகவே அல்ல. 1620களில் எலிசபெத் ஃபாரோ என்ற பெண்மணி அங்கே பாறையடியில் கசியும் ஓர் ஊற்றைக் கண்டார். தண்ணீர் பட்ட கல் செந்நிறமாகியிருந்தது. வாயில் வைத்தால் கசந்தது. கசந்தால் மருந்துதானே! 1660-ல் ராபர்ட் விட்டி என்ற மருத்துவர் அந்த ஊற்றைப் புகழ்ந்து ஒரு நூலே எழுதினார். ஊற்றுநீர் குடிக்க வந்தவர்கள் பிறகு பக்கத்திலிருந்த கடலிலும் இறங்கினார்கள். அன்று கடலில் முங்குவது விளையாட்டு இல்லை, வைத்தியம். தண்ணீர் எவ்வளவுக்கு எவ்வளவு சில்லிடுகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு குணம் என்று நம்பினார்கள். 1750-ல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று லத்தீனில் எழுதினார். குளித்தால் போதாது, குடிக்கவும் வேண்டும் என்றார். பிரைட்டன் என்ற மீனவ ஊர் பெரிய மனிதர்கள் வந்து தங்கும் ஊரானதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. எழுத்தாளர் ஃபேனி பர்னி 1782 நவம்பரில் பிரைட்டனில் விடியுமுன்னே எழுந்து, நிலா வெளிச்சத்தில் கடலில் இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். நவம்பர் மாதம், அதுவும் இருட்டில்! உங்கள் நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

பிரெஞ்சுக் கடற்கரையின் கதை இன்னும் வேடிக்கை. நீஸ், கான் போன்ற ஊர்களுக்கு அன்று சீசனே குளிர்காலம்தான். ஆங்கிலப் பிரபுக்களும் ரஷ்யச் சீமான்களும் இலையுதிர்காலத்தில் வந்து இறங்கி, வசந்தம் முடியும் முன் கிளம்பிவிடுவார்கள். கோடையில் பெரிய ஓட்டல்கள் கதவைச் சாத்திவிடும். வெயிலில் தோல் கறுத்தால் வயலில் வேலை செய்பவர் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம் அந்தக் காலத்துச் சீமாட்டிகளுக்கு. 1920களில் வெயில் காய்வது நாகரிகமானது, கோடைச் சீசன் என்று ஒன்று அங்கே பிறந்தது. கடல் மாறவில்லை, மணல் மாறவில்லை. வந்தவர்களின் ஆசை மாறியது, சீசன் தலைகீழாகிவிட்டது.

இங்கிலாந்துக்கு வருவோம். ஸ்கார்பரோவுக்கு 1845-ல் ரயில் வந்தது. மேற்கே லங்காஷயரின் பஞ்சாலை ஊர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலைகளை மூடும், இந்த வாரம் இந்த ஊர், அடுத்த வாரம் அடுத்த ஊர் என்று முறைவைத்து. ஆலையில் பாய்லர்களைப் பழுதுபார்க்கும் அந்த வாரத்தில் ஊர்ச்சனம் பூராவும் பிளாக்பூல் கடற்கரையில் இருக்கும். 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து ஆகஸ்டின் முதல் திங்கட்கிழமையை விடுமுறையாக்கியது. சம்பளத்தோடு விடுமுறை என்பதற்குச் சட்டம் வந்தது 1938-ல்தான். அதற்கு முன் எத்தனையோ தொழிலாளிகளுக்கு அந்த வாரம் கூலியில்லாத வாரம். வருஷம் பூராவும் சில்லறை சேர்த்து வைத்து அதைக் கடற்கரையில் செலவழித்தார்கள். ஆலை முதலாளியின் பாய்லர், நாடாளுமன்றத்தின் சட்டம், ரயில் கம்பெனியின் சலுகைக் கட்டணம், பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் சேர்ந்து கட்டியதுதான் நீங்கள் சொல்லும் சீசன். சூரியனுக்கும் அதில் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பங்குதாரர் மட்டும்தான்.

பிளாக்பூல்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். செப்டம்பரில் கூட்டம் குறைகிறதா, கடற்கரைச் சாலை நெடுக விளக்கைப் போடு என்று இறங்கிவிட்டார்கள். 1879-ல் அங்கே மின்விளக்குகள் எரிந்தன. 1912-ல் இன்றைய விளக்கு விழாவின் தொடக்கம். இப்போது ஜனவரி முதல் நாட்கள் வரை எரிகிறது. கோடையை ஒயரில் கட்டி இழுத்துவிட்டார்கள். நீங்கள் போகும் ஸ்கார்பரோவில் 1867-ல் திறந்த கிராண்ட் ஓட்டலைப் பார்க்காமல் இருக்கமுடியாது, அவ்வளவு பெரிசு. 4 கோபுரங்கள் பருவங்களுக்கு, 12 தளங்கள் மாதங்களுக்கு, 52 புகைபோக்கிகள் வாரங்களுக்கு, 365 அறைகள் நாட்களுக்கு என்று கணக்கு வைத்துக் கட்டியதாகச் சொல்வார்கள். கோடைக் கூட்டத்தை நம்பி எழுந்த கட்டடத்துக்கு முழு வருஷக் கணக்கு. கட்டியவருக்குத் துணிச்சல்தான்.

கடலின் கணக்கோ தனி. தரை சூடாகும் வேகத்தில் கடல் சூடாகாது, குளிர்வதும் அப்படியே. அந்தப் பக்கத்துக் கடலில் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். குளிர்காலப் புயலலைகள் கரை மணலை அள்ளிக்கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளிக் கடலுக்கடியில் மேடாகச் சேர்த்து வைக்கும். கோடையின் மெல்லிய அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். மணல் மெலிந்து கல் தெரியும் கரையைப் பார்த்து நீங்கள் ‘ஆஹா, வெறுமை’ என்று படம் எடுப்பீர்கள். அந்த மணல் கூப்பிடு தூரத்தில் தண்ணீருக்குள் கிடக்கும்.

இந்தக் கோபம் எனக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததல்ல. பல வருஷத்துக்கு முன் அந்தக் கிழக்குக் கரையிலேயே வேறொரு ஊரில் குளிர்காலத்தில் தங்கியிருந்தேன். சின்ன விடுதி, நான் ஒருவன்தான் விருந்தாளி. நடத்தியது அறுபது வயது தாண்டிய அம்மாள். போன மறுநாள் காலையில் என்னை மாடிக்குக் கூப்பிட்டு, ‘கொஞ்சம் ஏணியைப் பிடித்துக்கொள்கிறீர்களா?’ என்றார். சுவரில் பழைய தாளைச் சுரண்டிவிட்டுப் புதுத் தாள் ஒட்டும் வேலை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இரண்டு அறையாவது புதுப்பித்துவிடுவாராம். ஏணியில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை தன் வீட்டுச் சன்னலுக்கு வெளியே கடல் இருப்பதே நினைவுக்கு வராது, படுக்கை விரிப்புகளும் முட்டைகளும்தான் கண்ணில் தெரியும் என்றார். தேவாலயப் பாடல் குழுவில் சேர்ந்து பாடுவது குளிர்காலத்தில் மட்டும். மகள் கல்யாணத்தை ஜனவரியில்தான் வைத்தார்களாம். ஏனென்றால் உறவுக்காரர்களில் பாதிப் பேர் விடுதி நடத்துகிறவர்கள், மீதிப் பேர் வறுத்த மீன் கடை. ஜூலையில் கல்யாணம் வைத்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும்தான் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஏணி ஆடியது. நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். கீழே ஷட்டர் இறக்கிய அந்தத் தெருவை யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

உடனே, சரி, குளிர்காலத்தில் எல்லோரும் கல்யாணம் செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். சொந்த வீடும் சொந்த விடுதியும் உள்ளவர் கதை அது. அந்த வீட்டில் கோடையில் பாத்திரம் கழுவிய பையனுக்கு நவம்பரில் வேலை இல்லை. 2019-ன் அரசுக் கணக்கில் இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய உள்ளாட்சிப் பகுதி பிளாக்பூல். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021-ல் வெளியிட்ட ஆண்டறிக்கை முழுக்கக் கடற்கரை ஊர்களின் உடல்நலம் பற்றியது. ஆள் வராத பழைய விடுதிகளைத் துண்டு துண்டு அறைகளாக்கி வாடகைக்கு விடுவது, போக்கிடம் இல்லாதவர்கள் அங்கே வந்து சேர்வது, மருத்துவர்களும் செவிலியர்களும் அங்கே வேலைக்கு வரத் தயங்குவது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. உங்களுக்குச் சோகம்தான் வேண்டுமென்றால் அது அங்கே நிஜமாகவே இருக்கிறது. தார்ப்பாய் போர்த்திய ராட்டினத்தில் அதைத் தேடாதீர்கள். ராட்டினத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அது நனையாமல் இருக்கிறது.

திட்டிக்கொண்டே போகிறேன். உங்களுக்குப் பிடிக்கக்கூடிய விஷயங்களும் உண்டு. பல ஆங்கிலக் கடற்கரைகளில் மே முதல் செப்டம்பர் வரை நாய்களை விடமாட்டார்கள். குளிர்காலத்தில் அவை மொத்தமாக உரிமை கொண்டாடும். இவ்வளவு சந்தோஷமான நாய்களை வேறெங்கும் பார்க்கமுடியாது. துறைமுகச் சுவர்மேல் கல்திருப்பி உள்ளான்கள் என்ற சின்னக் கரைப்பறவைகள் காலடியிலேயே மேயும். வட துருவப் பக்கத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்தவை, அவற்றுக்கு இதுதான் சீசன். கிராண்ட் ஓட்டலின் விளிம்புகளில் கூடு கட்டும் கிட்டிவேக் கடற்காகங்கள் மட்டும் இருக்காது. அவை கோடை விருந்தாளிகள், ஜனவரியில் நடுக்கடலில் இருக்கும்.

2022 டிசம்பர் கடைசியில் ஒரு வால்ரஸ் ஸ்கார்பரோ துறைமுகத்தின் சரிவில் ஏறிப் படுத்துக்கொண்டது. நீந்திக் களைத்துப்போய் ஓய்வெடுக்க வந்த ஆர்க்டிக் விலங்கு. பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அது மிரண்டுவிடக்கூடாது என்று புத்தாண்டு இரவு வாணவேடிக்கையையே நகராட்சி ரத்து செய்தது. அதன்பின் அது தன்பாட்டுக்கு இறங்கிக் கடலுக்குள் போய்விட்டது. கைவிடப்பட்ட ஊர் என்றீர்களே, அந்த ஊர்தான் இது.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. ஜனவரியில் அங்கே சூரியன் உதிப்பது எட்டு மணி வாக்கில்தான், அதுவும் கடலுக்குமேல். அதனால் சோம்பேறிகளும் சூரியோதயம் பார்க்கலாம். மாலை நாலு, நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். நடக்கவேண்டியதை மதியத்துக்கு முன்பே நடந்துவிடுங்கள். ஓதம் ஏறும் நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு கீழே இறங்குங்கள், பாறை அடிவாரங்களில் தண்ணீர் சத்தமில்லாமல் சூழ்ந்துவிடும். கோட்டைக் குன்றைச் சுற்றிப் போகும் மரைன் டிரைவ் என்ற கடலோரச் சாலையில் புயல் நாட்களில் அலை சுவரைத் தாண்டி நடைபாதையில் விழும். அதன் எதிரே ஓடிப்போய் நின்று, அலை வரும்போது தப்பி ஓடுவதை ஒரு விளையாட்டாகச் செய்கிறார்கள் சிலர். கடலோரக் காவல்படை வருஷா வருஷம் எச்சரித்தும் கேட்பதில்லை. நீங்கள் கேமராவோடு அங்கே போய் நின்றீர்கள் என்று தெரிந்தால் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது. அன்றைக்குத் துறைமுகத்துப் பக்கம் திறந்திருக்கும் ஏதாவது ஒரு கடையில் தேநீரோடு உட்கார்ந்து, பக்கத்து மேசையில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். மழைக்குக் குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது. தொப்பி வைத்த கோட்டும் விரல்நுனி திறந்த கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.