வாழையடியில் ஊற்றிய பால்

கேள்வி: எனக்கு 26 வயது. தம்பலகாமத்தில் மாமியின் வீட்டில் இருக்கிறோம். இது முதற்பிள்ளை. 30ஆவது கிழமையில் எனக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டதால், திருகோணமலையில் சத்திரசிகிச்சை செய்து மகனை எடுத்தார்கள். நிறை 1 கிலோ 280 கிராம். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். நான்காம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று ஒன்பதாம் நாள். பிறந்த அன்று ஒரு நிமிடம் காட்டியதோடு சரி. பால் பிழிந்து தரும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதை விட்டுவிட்டோம். 31 துடக்குக் கழியும்வரை வாசல் தாண்டக் கூடாது, வெட்டிய உடம்பில் வாடைக்காற்றுப் படக் கூடாது என்று மாமி சொல்கிறா. மாமி நல்லவ, தினமும் பால்சுறாவும் சரக்குக் கறியும் ஆக்கித் தருகிறா. "பிள்ளை தங்கினால் காலம் முழுக்கப் பார்க்கலாம், இப்போதே போய் மனதை ஒட்டவைக்காதே" என்றும் சொன்னா. இவர் தினமும் போய்ப் படம் எடுத்து வருகிறார். படத்தில் குழாய்கள்தான் தெரிகின்றன. யாருடைய பிள்ளையோ போல இருக்கிறது. மார்பு கட்டி வலித்தால் பாலைப் பிழிந்து வாழையடியில் ஊற்றிவிட்டு வந்து படுப்பேன். என் பிள்ளைமேல் எனக்கு ஏன் பாசம் வரவில்லை? தாயாக இருக்கத் தகுதியில்லாதவளா நான்?

பதில்:

அன்பு மகளுக்கு,

இதழ் அச்சாகி வரும்வரை பொறுத்திருக்கக்கூடிய விடயமாக இது இல்லாததால், இந்தப் பதிலின் முக்கியமான பகுதியை உங்கள் மின்னஞ்சலுக்கு அன்றே அனுப்பிவிட்டேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுவது, உங்கள் நிலையில் இருக்கும் மற்றப் பெண்களும் அவர்களுடைய வீட்டாரும் வாசிக்கவேண்டும் என்பதற்காக. குறைமாதப் பிள்ளையை வைத்தியசாலையில் விட்டுவிட்டு வெறும் மடியோடு வீடு திரும்பிய தாய்மாரின் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. அநேகமாக எல்லாரும் நீங்கள் கேட்டதையே கடைசியில் கேட்கிறார்கள். நீங்கள் நல்ல தாய்தான், கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் கேள்விக்கு முந்திய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பாலைப் பிழிந்து வாழையடியில் ஊற்றிவிட்டு வந்து படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மார்வலியைச் சொல்லவந்த இடத்தில் போகிறபோக்கில் எழுதிய வரி அது. அந்தப் பால் யாருக்காகச் சுரந்தது? திருகோணமலையில் ஒரு பெட்டிக்குள், மூக்குவழியாகவோ வாய்வழியாகவோ விட்ட குழாயில் சில மில்லிலீற்றர் பாலுக்காகக் கிடக்கும் உங்கள் மகனுக்காக. மாமி பால்சுறாவைத் தேடி வாங்கி ஆக்குவது எதற்காக? உங்களுக்குப் பால் ஊறவேண்டும் என்பதற்காக. பால் ஊறியது, ஊறிய பால் மண்ணுக்குப் போனது. வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தும், ஒருவருடைய மனதையும் இது உறுத்தவில்லை என்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. உங்கள்மேலும் அந்தக் கோபம் உண்டு. காய்ச்சலும் வலியும் அசதியும் உங்களுக்கு இருந்திருக்கும் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

நீங்கள் ஊற்றியது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். குறைமாதத்தில் பெற்ற தாயின் பால், நிறைமாதத்தில் பெற்ற தாயின் பாலைப்போல இருப்பதில்லை. முதற் கிழமைகளில் அதில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருள்களும் கூடுதலாக இருக்கும். பிள்ளை முந்தி வந்துவிட்டதை உடம்பு அறிந்து சுரப்பதுபோல அது அமைந்திருக்கிறது. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு வரக்கூடிய மிகக் கொடிய நோய்களில் ஒன்று, குடல் அழன்று அதன் ஒரு பகுதியே அழுகிப்போகும் நோய். தாய்ப்பால் கிடைக்கும் பிள்ளைகளில் அது குறைவு, பால்மா மட்டும் கிடைக்கும் பிள்ளைகளில் அது கூடுதல் என்பது வைத்திய உலகம் பல காலமாக அறிந்த உண்மை. பெட்டி சூட்டைக் கொடுக்கும். இயந்திரம் மூச்சுக்கு உதவும். மருந்தை வைத்தியர் கொடுப்பார். இந்த ஒன்றை மாத்திரம் அந்தக் கட்டடத்தில் உள்ள எவராலும் செய்து கொடுக்க முடியாது. அது தம்பலகாமத்தில் ஒரு வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைக்குத்தான் குடிக்கத் தெரியாதே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்செடுப்பது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துச் செய்யும் பக்குவம் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 34ஆவது கிழமையில்தான் வருகிறது. அதுவரைக்கும் குழாய்தான் அவனுக்கு வாய். தொடக்கத்தில் கொடுப்பது ஒரு மில்லிலீற்றர், இரண்டு மில்லிலீற்றர் என்று மிகச் சிறிய அளவாக இருக்கும் என்பதால், எனக்குக் கொஞ்சம்தான் வருகிறது என்று எந்தத் தாயும் வெட்கப்பட்டு ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் மார்பு கட்டும்போது மாத்திரம் பிழிந்தால், பால் தேவையில்லை என்று உடம்பு விளங்கிக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். முதல் இரண்டு கிழமைகளில் எவ்வளவு அடிக்கடி பிழிகிறீர்களோ, பின்னால் வரும் மாதங்களின் சுரப்பு அதிலேதான் தங்கியிருக்கிறது. ஒரு நாளுக்குக் குறைந்தது 8 தடவை பிழியவேண்டும், நடு இரவில் ஒரு தடவையாவது எழும்பவேண்டும். பால் சுரக்கவைக்கும் சுரப்புநீர் இரவில்தான் கூடுதலாக இருக்கிறது. ஒன்பது நாள் போய்விட்டதே என்று கைவிடவேண்டாம். மார்பு கட்டி வலிக்கிறது என்றால் பால் இன்னும் இருக்கிறது.

இப்போது மாமியின் சொல்லுக்கு வருகிறேன். நான் துடக்கைப் பரிகசிக்கும் ஆள் இல்லை. எங்கள் வீட்டிலும் 31 கழிக்கிறோம், கழித்த பிறகே கோணேசரிடம் பிள்ளையைக் கொண்டுபோகிறோம். ஆனால் அந்த வழக்கம் எதற்காக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவள் அடுப்படிக்குப் போகக் கூடாது, தண்ணீர் அள்ளக் கூடாது, கோயில் வேலை, வயல் வேலை எதுவும் அவள் தலையில் விழக் கூடாது. ஒரு அறையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு பாலைக் கொடுத்துப் படுத்திருக்கட்டும் என்று அந்த 31 நாளையும் பெரியவர்கள் அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் ஒரே பாயில் கிடப்பதற்கென்று வைத்த நாள்களை, தாயை ஒரு ஊரிலும் பிள்ளையை இன்னொரு ஊரிலும் பிரித்துவைக்கப் பயன்படுத்துவது அந்தப் பெரியவர்களுக்கே செய்யும் அநியாயம். இன்னொன்றையும் மாமியிடம் பணிவாகக் கேளுங்கள். துடக்கு உங்களுக்கு மட்டும் உரியதா? தகப்பனுக்கும் அதே துடக்குத்தான். அவர் தினமும் போய்வருகிறார். அவருக்குத் திறந்த வாசல் பெற்றவளுக்கு மூடப்படுவது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? வைத்தியசாலை கோயில் இல்லை. அங்கே தீட்டு என்று ஒன்று இருந்தால் அது கைகழுவாமல் உள்ளே போவதுதான்.

வாடைக்காற்றுக்கு ஒரு கம்பளி போதும். வெட்டிய வயிற்றோடு ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் குலுங்கிப் போய்வரச் சொல்லவில்லை. தாய்மார் தங்குவதற்கு இடம் உண்டா என்று பிரிவின் பொறுப்புத் தாதியிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் நகரத்தில் இருக்கும் ஒரு உறவினர் வீட்டில் தங்குங்கள். நம்முடைய ஊர்களில் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு அறை தராத உறவு இல்லை. கேட்காமல் இருப்பதுதான் நம்முடைய குறை.

மனதை ஒட்டவைக்காதே என்று மாமி சொன்னதைப் பற்றி எழுத எனக்குக் கை நடுங்குகிறது. அதைக் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பிள்ளைகளை இழந்த தாய்மாரைக் கண்டு வளர்ந்த தலைமுறை அது. மருமகள் அப்படி அழக் கூடாது என்று பயந்திருப்பா. ஆனாலும் அந்தச் சொல் தவறு. பார்க்காத பிள்ளைக்காக அழுவது இலகு என்று எண்ணுகிறவர்கள், பார்க்காமலே இழந்த தாய்மாருடன் ஒரு நாள் பேசிப் பார்க்கட்டும். உங்கள் மகன் தங்குவானா என்று நான் சொல்லமாட்டேன். அதைப் பிள்ளை வைத்தியரிடம் நேரே போய், நேராகவே கேளுங்கள். ஒன்று மட்டும் எனக்கு உறுதி: அவன் தங்கினாலும் தங்காவிட்டாலும் அவனுக்குத் தாய் வேண்டியது இன்று. தங்கிய பிறகு தாயாகிக்கொள்ளலாம் என்பது, மாரி பெய்து முடியட்டும், பிறகு விதைக்கலாம் என்பதைப் போன்றது.

உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பாசம் வைக்காதே என்று சொன்னார்கள், நீங்கள் வைக்கவில்லை. பிள்ளையின் பக்கத்தில் போகாதே என்று சொன்னார்கள், நீங்கள் போகவில்லை. தொடாத, மணக்காத, குரல் கேட்காத ஒரு பிள்ளை கைத்தொலைபேசிப் படத்திலிருந்து உங்கள் நெஞ்சுக்குள் எப்படி இறங்கும்? பாசம் வந்தால் போகலாம் என்று வீட்டில் இருந்து காத்திருக்காதீர்கள். தாய்மையில் முதலில் இருப்பது வேலை. பிழிவது, கழுவுவது, கொண்டுபோவது, பக்கத்தில் நிற்பது. மனம் பின்னால் வரும். சிலருக்கு அன்றே வரும், சிலருக்குக் கிழமைகள் ஆகும். வராத நாள்களிலும் வேலையைச் செய்கிறவளைத்தான் நான் தாய் என்பேன்.

உள்ளே போகும்போது காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பெட்டியின் பக்கத்தில் மணிகள் அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் நெஞ்சு பதறவேண்டாம், எந்தச் சத்தம் எதற்கு என்று தாதியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவு சிறிய பிள்ளைகள் சில வேளைகளில் மூச்செடுக்க மறந்துபோவார்கள், அதைக் கவனிப்பதற்குத்தான் அந்த இயந்திரம். முதல் நாள்களில் நிறை குறைவதும் அநேகமாக எல்லாக் குறைமாதப் பிள்ளைகளுக்கும் நடப்பது. தொட விட்டால் மெல்லத் தடவாதீர்கள். அந்த இளந்தோலுக்குத் தடவுவது உறுத்தும். ஒரு கையைத் தலையிலும் மற்றக் கையை மடித்த கால்களிலும் அசையாமல் வைத்திருங்கள். பேசுங்கள். வயிற்றுக்குள் இருந்தபோதே அவன் கேட்டுப் பழகிய குரல் உங்களுடையது. பாலை அவனுடைய பக்கத்தில் இருந்து பிழிந்தால் இலகுவாக இறங்கும். வெளியிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால், பிரிவில் தரும் சுத்தமான பாத்திரத்தில் பிழிந்து, மூடி, ஐஸ் வைத்த பெட்டிக்குள் வைத்து, நேரத்தையும் திகதியையும் எழுதிக் கொண்டுவாருங்கள். சாதாரண அறைச் சூட்டில் 4 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவேண்டாம். நமது நாட்டின் பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் என்று ஒன்று இருக்கிறது. பிழியும் முறையைக் கைபிடித்துக் காட்டித்தருவது அவர்களுடைய கடமை, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

பிறகு கங்காரு முறையைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளையை உடுப்பில்லாமல், தொப்பியும் அணையாடையும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறை அது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாமல் ஒரு பெட்டிக்குள் பல பிள்ளைகளைக் கிடத்தி, கிருமி தொற்றிப் பிள்ளைகள் இறந்துகொண்டிருந்த ஒரு வைத்தியசாலையில், எட்கர் ரெய் சனாப்ரியா என்ற வைத்தியர் அதைத் தொடங்கினார். 2021இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட நிறையோடு பிறந்த பிள்ளைகளை, அவர்கள் முற்றாகத் தேறும்வரை காத்திருக்காமல் உடனேயே தாயின் மார்பில் வைத்தபோது இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. உங்கள் மகனின் நிறையும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. ஒரு நாளில் 8 மணித்தியாலம் தொடக்கம் 24 மணித்தியாலம்வரை. எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் வைத்தியர் முடிவு செய்வார். அவர் சொல்லும் நாளில் நீங்கள் அங்கே இருக்கவேண்டும்.

உங்கள் கணவருக்கும் ஒரு சொல். தம்பி, ஒன்பது நாள் படம் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். அதே பயணத்தில் ஒரு சிறிய போத்தல் பாலைக் கொண்டுபோயிருக்கலாம். தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் வாய் திறக்காமல் இருப்பது மரியாதை ஆகாது. உங்கள் அம்மாவிடம் பேசவேண்டியவர் நீங்கள். மருமகளைப் பேசவிட்டால் அது சண்டையாகும், மகன் பேசினால் அம்மா கேட்பா. மாமிக்கும் செய்ய நிறைய இருக்கிறது. அந்தச் சரக்குக் கறியும் பால்சுறாவும் ஒவ்வொரு நாளும் சுடச்சுடத் திருகோணமலைக்குப் போகட்டும். பேரனுக்கு அப்பம்மா செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இப்போது அதுதான்.

உங்கள் உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும், மகளே. கர்ப்பத்தில் கூடிய இரத்த அழுத்தம் பிள்ளை பிறந்தவுடன் போய்விட்டது என்று நம்பவேண்டாம். பேற்றுக்குப் பின் ஆறு கிழமைக்குள்ளும் அது ஆபத்தாக ஏறலாம். கடுமையான தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வலி, மூச்சு முட்டல் இவற்றில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். காயம் சிவந்தாலோ சீழ் வடிந்தாலோ, மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலோ அப்படியே. பிள்ளையின் பக்கத்தில் இருக்கத் தொடங்கியும் இரண்டு கிழமைக்கு மேல் அழுகை நிற்காமல், நித்திரையும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் மனம் பட்டுப்போனது போல இருந்தால், அது பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. செத்துப்போனால் நல்லது என்று ஒரு தடவை தோன்றினாலும் இரண்டு கிழமை பொறுக்கவேண்டாம், அன்றே சொல்லுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ, பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடமோ, இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதிய அதே சொற்களில் சொன்னால் போதும்.