ஒரே இண்டக்டரில் எட்டு ஹீட்டர் ஓடுமா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்து சிலிக்கான் ஃபோட்டானிக் சிப்பில் (ஒளியைக் கையாளும் சிப்) எட்டு ரிங்குகள், அதாவது குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் பிடிக்கும் நுண் வளையங்கள். அந்த அலைநீளத்தைச் சூடேற்றித் திருக ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹீட்டர். எட்டு லீனியர் ரெகுலேட்டர்களை (மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக்கிக் குறைப்பவை) 12 வோல்ட்டில் கட்டியிருக்கிறோம். போர்டு சூடாகி, ரிங்குகளின் அலைநீளம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே இண்டக்டரில் (மின்சுருளில்) பல மின்னழுத்தம் தரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டருக்கு மாறலாமா? – முதுகலை மாணவி, கோவை.

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் ஹீட்டர்களை அதில் நேரடியாகக் கட்டாதீர்கள்.

ஹீட்டர் 800 ஓம், மின்னழுத்தம் 4.5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 25 மில்லிவாட், எட்டும் சேர்ந்து 0.2 வாட். மொத்த மின்னோட்டம் 45 மில்லிஆம்பியர். அதை 12 வோல்ட்டிலிருந்து இழுத்தால் 0.54 வாட். மிச்சம் 0.34 வாட் சிப்புக்குப் பக்கத்திலேயே வீணாகச் சூடாகிறது. சிலிக்கான் ரிங் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 நானோமீட்டர் நகரும். க்யூ (அலைநீளத்தை எவ்வளவு கூர்மையாகப் பிடிக்கிறது என்ற அளவு) ஒரு லட்சம் உள்ள ரிங் பிடிக்கும் அலைநீள அகலமே 0.015 நானோமீட்டர்தான். ஒரு டிகிரி ஏறினால் போதும், ரிங் கைவிட்டுப் போய்விடும்.

அதனால் ஸ்விட்சிங் ரெகுலேட்டரை சிப்பிலிருந்து தள்ளி வைத்து, 5.2 வோல்ட்டை மட்டும் அருகே கொண்டுவாருங்கள். அங்கிருந்து எட்டு வழி டிஏசியும் (எண்ணை மின்னழுத்தமாக்கும் சில்லு) அதற்கு மின்னோட்ட வலு தரும் பஃபரும் ஹீட்டர்களை ஓட்டட்டும். சிப் பக்கத்து இழப்பு 0.03 வாட்டுக்கு இறங்கிவிடும். ஒற்றை இண்டக்டர் ரெகுலேட்டருக்கு இங்கேதான் வேலை: 5.2, டிஏசிக்கு 3.3 என்று பொது மின்னழுத்தங்களை அது தரட்டும். ஹீட்டர்களை நேரடியாகக் கட்டினால் எல்லாம் ஒரே இண்டக்டரை முறைபோட்டுப் பகிர்ந்துகொள்ளும். மூன்றாவதைத் திருகினால் ஏழாவது அசையும்.

ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் மின்னழுத்தத்தில் வரும் சிற்றலை பற்றிப் பயப்பட வேண்டாம். ஹீட்டர் சூடேறப் பத்து மைக்ரோ நொடி ஆகிறது என்றால், 1 மெகாஹெர்ட்ஸ் அலை அதில் அறுபதில் ஒரு பங்காகக் கரைந்துவிடும். ஒளியை மின்னோட்டமாக்கும் ஃபோட்டோடயோடு அப்படியில்லை. அதன் பயாஸுக்கு (அது இயங்கத் தரும் நிலையான மின்னழுத்தத்துக்கு) தனி லீனியர் ரெகுலேட்டர் கட்டாயம் வேண்டும், இண்டக்டரும் அதிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் பாதை. எட்டு ஹீட்டருக்கும் சேர்த்து ஒரே பாண்டிங் கம்பியா (சிப்பைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய கம்பி)? 25 மைக்ரான் தங்கக் கம்பி 2 மில்லிமீட்டர் நீளமிருந்தால் சுமார் 0.09 ஓம். 45 மில்லிஆம்பியர் பாய்ந்தால் 4 மில்லிவோல்ட். திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே மற்ற ஏழும் ஏறி இறங்கும்போது உங்கள் ஹீட்டரின் திறன் 0.15 சதவீதத்துக்கு மேல் மாறும். மில்லிவாட்டுக்கு 0.2 நானோமீட்டர் நகரும் ரிங்கில் அது ஏறக்குறைய பாதி அகலம். பலர் இதை வெப்பக் கசிவு என்று நினைத்து சிப்பின் வடிவத்தையே மாற்றப் போய்விடுகிறார்கள்.

பிரித்தறிவது சுலபம். ஒரு ஹீட்டரைத் திருகுங்கள். பக்கத்து ரிங் அதிகமாகவும் தூரத்து ரிங் குறைவாகவும் நகர்ந்தால் அது வெப்பம். எல்லாம் தூரம் பாராமல் ஒரே மாதிரி நகர்ந்தால் கிரவுண்ட். அப்படியானால் அடுத்த சிப்புக்குக் கிரவுண்டில் நான்கு கம்பியாவது போடச் சொல்லுங்கள்.